டிஸ்க் கோல்ஃப்: சிறிய எஸ்டோனியாவின் பெரிய பாய்ச்சல்

சுமார் 13.5 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் பால்டிக் நாடான எஸ்டோனியா, டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில் முன்னணி நாடுகளுள் ஒன்றாக உருவெடுத்துள்ளது. பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடையில் மிகக் குறைந்த வீச்சுகளில் சேர்ப்பதே இவ்விளையாட்டு.

அந்நாட்டு வீராங்கனை கிறிஸ்டின் டட்டார் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன் பட்டம் வென்றார். 2025-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஓபன் போட்டி, தலைநகர் தாலினில் உள்ள பாடல் விழாத் திடலில் நடைபெற்றது. 1988-இல் சோவியத் ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டு பாடிய திடல் அது என்பது குறிப்பிடத்தக்கது.

நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி வனமாக இருப்பது இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிந்துள்ளது. கோல்ஃப் மைதானத்தைப் போலப் புல்வெளியைப் பராமரிக்கப் பெரும் செலவு இல்லை. பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் கூடைகளை நிறுவினால் போதும். ஓரிரு தட்டுகளுடன் எவரும் விளையாடத் தொடங்கலாம்.

எனினும், இந்த எளிமையே சிக்கலுக்கும் வித்திடக்கூடும். ஆட்டக்காரர்கள் பெருகும்போது மண் இறுகி, மரவேர்கள் வெளிப்படும். தட்டுகள் மோதி மரப்பட்டைகள் சிதையும். நடைப்பயிற்சி மேற்கொள்வோர் காயமடையும் அபாயமும் உண்டு. பொது இடத்தை நம்பி வளர்ந்த விளையாட்டு, அவ்விடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே அதன் எதிர்காலம் அமையும்.