பெண்டிகோவின் டிராகன்கள்

மெல்போர்னிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது பெண்டிகோ. 1851இல் தங்கம் கிடைத்ததும் மளமளவென்று முளைத்த ஊர். அந்தப் பணம் இன்னும் கட்டடங்களாக நிற்கிறது: 1897இல் எழுந்த ஷாம்ராக் ஹோட்டல், அரண்மனை போன்ற பழைய தபால் நிலையம். அவற்றை நடந்தே பார்த்துவிடலாம். மிச்ச நேரத்தைக் கோல்டன் டிராகன் மியூசியத்துக்குக் கொடுங்கள்.

கப்பலில் வந்திறங்கும் சீனர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது விக்டோரியா அரசு. ஆண்டு 1855. சீனர்கள் பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கினார்கள். இப்படி வந்தவர்கள் சுமார் 16,000 பேர். அங்கிருந்து தங்க வயல்களுக்கு வாரக்கணக்கில் நடை.

பிற்பாடு பெண்டிகோவில் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஈஸ்டர் ஊர்வலம் நடந்தபோது, பட்டும் மேளமுமாகக் கூட்டத்தை இழுத்தவர்களும் இதே சீனர்கள்தான். (வரி வசூலித்தவர்களுக்குக் கூச்சமாக இருந்ததா என்று மியூசியம் சொல்வதில்லை.) அதில் ஆடிய 'லூங்' என்ற டிராகன் 1970இல் ஓய்வு பெற்று இங்கே இருக்கிறது. அடுத்து வந்த 'சன் லூங்' சுமார் 100 மீட்டர் நீளம். அதற்கும் 2019இல் ஓய்வு.

ஊர் ஓரத்தில் எமு பாயிண்டில் சீனர்கள் கட்டிய சிவப்புச் செங்கல் கோயில் ஒன்று உண்டு. கோபுரம் கிடையாது, சாதாரண வீட்டளவுதான். இன்றும் வழிபாடு நடக்கிறது.