மண்ணைத் தோண்ட எந்திரம், மலக்குழிக்கு மனிதனா?

நெய்வேலி! பெயரைச் சொன்னதுமே எந்திரங்களின் முழக்கம் நம் செவியில் விழுகிறது. 1957 மே 20-ல் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் அது. நிலக்கரி முகம் காட்டியது 1961-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் பொறியாளரை அச்சுறுத்தியது மேலே கிடந்த மண் மட்டுமன்று. நிலக்கரிப் படுகைக்கு அடியிலே, மேல்நோக்கி முட்டிக்கொண்டு நின்ற ஊற்று நீர். தோண்டத் தோண்டத் தரையைப் பெயர்த்துக்கொண்டு பீறிடக் காத்திருந்த நீர்! என்ன செய்தார்கள்? யாகம் வளர்த்தார்களா? எவன் தலையையேனும் பலியிட்டு ஊற்றை அடைத்தார்களா? இல்லை. குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். இரவென்றும் பகலென்றும் பாராது நீரை இறைத்து அதன் அழுத்தத்தைத் தணித்தார்கள்.

அதே நெய்வேலியிலே, நகரியத்தின் ஏதோ ஒரு வட்டத்திலோ, பக்கத்து மந்தாரக்குப்பத்திலோ, ஒரு வீட்டின் குளியலறைத் தரையில் கீழிருந்து நீர் மேலே வருகிறது. ஊற்று நீரன்று, சாக்கடை நீர். வீட்டுக்காரர் யார்? வாளிகள் பூட்டிய ராட்சதச் சக்கரத்தைச் சுரங்கத்திலே இயக்குபவராக இருக்கலாம். அனல்மின் நிலையத்தில் அளவுமானிகளைப் பார்த்து நீராவியை ஆட்டி வைப்பவராக இருக்கலாம். எந்திரத்தின் மொழி அறிந்தவர். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயிலுக்கு ஓடிவந்து அவர் சொல்வது என்ன? “இதற்கென்று ஒருத்தன் இருக்கிறானே, அவனைக் கூப்பிடு!”

இதற்கென்று! தோழர்களே, இந்த ஒரு சொல்லைத்தான் நாம் பிடித்து நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம். நிலக்கரிக்கென்று ஒரு சாதி உண்டா? நீராவிக்கென்று ஒரு குலம் உண்டா? மலத்துக்கு மட்டும் எப்படி வந்தது ஒரு பிறப்பு? கற்றவன் எவனும் இப்பணிக்கு மனுப்போட்டு வரவில்லை. தாத்தன் இறங்கினான், தகப்பன் இறங்கினான், ஆகவே மகன் இறங்க வேண்டும் என்பதுதானே இங்கே கேட்கப்படும் ஒரே தகுதி! மேடையிலே சாதி ஒழிப்பை முழங்கிவிட்டு வருகிற இளைஞர் வீட்டிலும், குழாய் அடைத்துக்கொண்டால், இந்தச் சொல் கூசாமல் புழங்குகிறது.

அடைப்பு என்பது என்ன? குழாயும் வாட்டமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு கணக்கு. கழிப்பறை எந்த மூலையில் வரவேண்டுமென்று வாஸ்துக்காரனுக்குத் தட்சணை வைத்துக் கேட்பவர், குழாய்க்கு வாட்டம் சரியா என்று கொத்தனாரைக் கேட்பதில்லை. 4 அங்குலக் குழாய் 40 அடி ஓடினால் ஏறத்தாழ 1 அடி இறங்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. வறுத்த எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுகிறோம். அது ஆறிக் குழாயின் உள்ளே படலமாக ஒட்டுகிறது. மயிரும் துணியும் நாப்கினும் அதிலே சிக்குகின்றன. போதாக்குறைக்கு மொட்டை மாடி மழைநீரையும் கழிவுக் குழாயிலேயே திருப்புகிறார்கள். 2015 நவம்பரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய ஊர் இது! எந்தக் கழிவுக் குழாய் அதைத் தாங்கும்?

கழிப்பறையில் ஊற்றிய நீர் குளியலறையில் பொங்கினால், அடைப்பு எல்லாம் சேரும் பெருங்குழாயில் இருக்கிறது. வீட்டுக் குழாய்களை மூடுங்கள். சேம்பர் மூடியை நகர்த்தி, எட்டி நின்று பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவே. நிரம்பி நின்றால் அதற்கு அப்பால், தெருப் பக்கம். முன்னதற்கு நீண்ட கம்பிச் சுருள் போதும். கையுறை மாட்டிக்கொண்டு வீட்டுக்காரரே செய்யலாம். தீட்டு ஒன்றும் ஒட்டாது, ஒட்டுகிற அழுக்கு சோப்புக்குப் போய்விடும். (ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள், குளோரின் நச்சுக் கிளம்பும்.) பின்னதற்கு அழுத்த நீர் பாய்ச்சும் வண்டி வேண்டும், உறிஞ்சும் வண்டி வேண்டும். மனிதன் வேண்டியதில்லை.

ஏனெனில், குழிக்குள் காத்திருப்பது நாற்றம் மட்டுமன்று. ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலே தங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையாய் நாறும். செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குகிறான். இரண்டு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்கக் குதித்த தம்பியும் சாய்கிறான். நாளேட்டில் “விஷவாயு தாக்கி இருவர் பலி” என்று நான்கு வரி! வாயுவா தாக்கிற்று? “உள்ளே இறங்கு” என்ற வாயல்லவா தாக்கிற்று!

சட்டம் இல்லையா? உண்டு. 1993-ல் ஒன்று, 2013-ல் மற்றொன்று. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆபத்தான முறையில் ஆளை ஈடுபடுத்தினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். எந்த நபரும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது சட்டம். வீட்டுக்காரரும் அதில் அடக்கம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: காப்புக் கருவிகள் கொடுத்து, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றினால் அது “ஆபத்தான” துப்புரவு ஆகாதாம்! கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் கைகழுவுவதற்கு இந்தச் சந்து போதாதா? இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014-ல் கூறிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது. உயிரை இறக்குவது நின்றபாடில்லை.

“அவனே வந்து கேட்கிறான், காசுக்குத்தானே செய்கிறான்” என்பார் உண்டு. சாராயத்தை ஊற்றிக்கொண்டு, நினைவு மங்கினால்தான் இறங்க முடிகிற வேலைக்கு இசைவு என்று பெயர் வைக்க வேண்டுமாயின் வையுங்கள். வேறு கதவு எதையும் அவனுக்குத் திறந்து விடாத சமுதாயம், திறந்திருந்த ஒரே குழிக்குள் அவன் இறங்கியதும் “அவன் விருப்பம்” என்கிறது!

வண்டி வர இரண்டு நாள் ஆகுமா? ஆகட்டும். இரண்டு நாள் கழிப்பறையைப் பூட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்; உறவினர் வீட்டுக்குப் போங்கள். கூச்சமாக இருக்கிறதா? அந்தக் கூச்சத்தோடு இரண்டு நாள் இருங்கள். சேம்பர் மூடியருகே வாளியும் கயிறுமாக எவனேனும் வந்து நின்றால், தேநீர் கொடுத்து, கூலியும் கொடுத்து, இறங்காமலே திருப்பி அனுப்புங்கள்.