விஸ்கிக்கு வரி குறைகிறது, நம் கூலி என்ன ஆகிறது?

2025 ஜூலை 24-ந் தேதி பிரிட்டனில், பிரதமர் மோடியும் பிரதமர் ஸ்டார்மரும் பக்கத்தில் நிற்க, இரு நாட்டு வர்த்தக மந்திரிகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள சரித்திர உறவு செழித்துவிட்டது என்று முதலாளிப் பத்திரிகைகள் பூரித்துப்போயின.

சரித்திரம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லது, நாமும் அதையே புரட்டுவோம். மேலநீலிதநல்லூரிலிருந்து அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755-இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு பீரங்கிகளை இழுத்துக்கொண்டு இந்தச் சீமைக்குக் கப்பம் வசூலிக்க வந்தான். புலித்தேவர் பணியவில்லை, ஹெரான் வந்த வழியே திரும்பினான். உறவு ஆரம்பமான லட்சணம் இது! கேட்டது பாளையக்காரரிடம் என்றாலும், கொடுக்க வேண்டியிருந்தது உழவன் களத்து நெல் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

பிறகு பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது மான்செஸ்டர் மில்களுக்குப் பஞ்சு வரவில்லை. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. போர் ஓய்ந்ததும் சரிந்தது. விலை ஏறியபோது வியாபாரிக்கு லாபம், இறங்கியபோது விவசாயிக்குக் கடன்.

ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மில் வைத்தார்கள். பஞ்சும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது, லாபம் மட்டும் அவர்களுடையது. 1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வெளியேறினார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-இல் தலைவர்களைக் கைது செய்ததும் அதே தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். திலகருக்காக பம்பாய் மில் தொழிலாளிகள் செய்த வேலைநிறுத்தம் பிரசித்தமானது. ஆனால் அது நடந்தது ஜூலையில். நம் தூத்துக்குடி நாலு மாதம் முந்திவிட்டது!

ஆனால் பிரிட்டன் என்றால் ஹெரானும் ஹார்வியும் மட்டுமா? இல்லை. 1929-இல் நம் தொழிற்சங்கத் தலைவர்களை மீரட் சதி வழக்கில் அடைத்தபோது, மூன்று ஆங்கிலேயரும் அவர்களோடு கூண்டில் நின்றார்கள்: பிலிப் ஸ்பிராட், பென் பிராட்லி, லெஸ்டர் ஹட்சின்சன். பிராட்லி இயந்திரத் தொழிலாளி. இந்தியத் தொழிலாளிக்குச் சங்கம் கட்ட வந்து சிறைக்குப் போனவர். (ஸ்பிராட் பின்னால் கம்யூனிஸ்ட் எதிரியானார், அது வேறு கதை.) விருந்து மேஜையில் இந்த உறவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நமக்கு வேண்டிய உறவோ இதுதான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்து விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த வரி முதலில் 75 ஆகவும், பத்தாவது ஆண்டில் 40 ஆகவும் இறங்கும். பிரிட்டிஷ் கார்களுக்கு நூறு சதவீதத்துக்கு மேலிருந்த வரி, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை 10 சதவீதத்துக்கு வரும். பால் பொருள்களுக்குச் சலுகை இல்லை, அது சரியே. டில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்ததை சர்க்கார் இன்னும் மறக்கவில்லை போலும்!

மறுபக்கம், நம் ஜவுளிக்கு பிரிட்டனில் 12 சதவீதம் வரை இருந்த வரி ஒப்பந்தப்படி அடியோடு போகிறது. இதை நாம் எதிர்க்கவில்லை. துணி விற்றால் வேலை கிடைக்கும். ஆனால் அந்த 12 சதவீதம் யார் பைக்குப் போகும்? சங்கரன்கோவில் விசைத்தறியில் ஓடுவது சேலையும் துண்டும். அவை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே. சலுகை போய்ச் சேருவது திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் லண்டன் கடைக்காரர்களுக்கும். நம் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே ஷிப்டுக்கு ஷிப்டு நின்று தைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் தொழிலாளர் நலம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. தைப்பவளுக்குக் கூலி இத்தனை என்று அதில் ஒரு வரி உண்டா?

ஆகவே திருப்பூரிலும் ராஜபாளையத்திலும் சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும்போது இந்த 12 சதவீதக் கணக்கை மேஜைமேல் வைக்க வேண்டும். பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களுக்கும் எழுத வேண்டும்: உங்கள் ஊர்க் கடையில் தொங்கும் சட்டைக்கு இங்கே என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று நாங்கள் சொல்கிறோம், அதை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்.