இணைய நூலகங்களுக்கு அறநிறுவனத் தகுதி எப்போது?

பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அதைத் தாங்கி நின்றது புரவலர்களின் கொடை. அந்தச் சங்க மரபை நினைவூட்டும் பெயரோடு 1998 பொங்கலன்று தொடங்கியது 'மதுரைத் திட்டம்'. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் பணியாற்றிய குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பழந்தமிழ் நூல்களை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள்.

இதே பணியை இன்று மதுரையிலோ மேலூரிலோ நாலு பேர் சேர்ந்து அமைப்பாகச் செய்ய நினைத்தால் என்ன ஆகும்? தொட்டால் உதிரும் பழைய இதழைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் கணினி 'ண'வை 'ன' என்று படித்திருக்கும். ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும். உழைப்பு இலவசமாகக் கிடைத்துவிடும். ஸ்கேனருக்கும் சர்வருக்கும் பணம் வேண்டுமே! நன்கொடை கேட்டால் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "80ஜி இருக்கா?"

அங்கேதான் சிக்கல். டிரஸ்ட் பத்திரம் பதிவதோடு வேலை முடிவதில்லை. வருமான வரித்துறையிடம் வரிவிலக்குக்கான பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் '80ஜி' அனுமதியும் தனித்தனியாகப் பெற வேண்டும். முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகப் பதிவு. பிறகு முறையான பதிவுக்கு மறு விண்ணப்பம். இவை இல்லாவிட்டால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியும் கிடைக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல், 'அறப்பணி' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்றவை நேரடியாகப் பட்டியலில் உள்ளன. ஆனால் கல்வி என்றால் முறையான பள்ளி, கல்லூரிக் கல்வியே என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 19 தீர்ப்பில் கூறிவிட்டது. ஆகவே இணைய நூலகமும் கலைக்களஞ்சியமும் 'பிற பொதுநலப் பணி' என்ற பிரிவுக்குள் தள்ளப்படுகின்றன. அந்தப் பிரிவில், கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகச் செயல்களின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு வரிவிலக்கு போய்விடும். பயிற்சி வகுப்பு நடத்திச் செலவை ஈடுகட்டலாம் என்றாலும் பயந்துதான் செய்ய வேண்டும்.

இது வெறும் அச்சமல்ல. 2011இல் பெங்களூருவில் பதிவான விக்கிமீடியா இந்தியா அமைப்பு, 2019இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அங்கீகாரத்தை இழந்தது. அற நன்கொடை பெறுவதற்கான உரிமம் அதற்குக் கிடைக்காமல் போனதும் ஒரு காரணம். பிரிட்டனில் அதன் சகோதர அமைப்பையும் முதலில் வரித்துறை ஏற்கவில்லை. விடாமல் வாதாடியதில், 2011 நவம்பரில் அங்குள்ள அறநிறுவன ஆணையம் பதிவு தந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, பொது நூலகம் அமைப்பதை சிஎஸ்ஆர் பணியாக ஏற்கிறது. கட்டடத்துக்குள் இருந்தால் நூலகம், இணையத்தில் இருந்தால் இல்லை என்பது நியாயமாகாது. உசிலம்பட்டி மாணவி நள்ளிரவில் செல்போனில் திறக்கும் புத்தகமும் நூலகப் புத்தகம்தான்.

செய்ய வேண்டியவை எளியவை. கட்டணமில்லாத திறந்த இணைய நூலகங்களும் கலைக்களஞ்சியங்களும் அறப்பணியே என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். சிறிய அமைப்புகள் ஆடிட்டருக்குச் செலவழிக்காமல் விண்ணப்பிக்க, மதுரை பீபிகுளம் வருமான வரி அலுவலகத்தில் மாதம் ஒருநாள் உதவி முகாம் நடத்த வேண்டும். 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தன்னார்வலர்களுக்கு ஒரு ஸ்கேனரும் மேசையும் ஒதுக்க மாநில அரசு முன்வர வேண்டும். நம் பகுதி எம்.பி.க்கள் இதை மக்களவையில் எழுப்ப வேண்டும்.

பழைய தாள்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நைந்து போகின்றன. கோப்புகள் நகரும்வரை அந்தத் தாள்கள் காத்திருக்கா. அதிகாரிகள் உடனே செயல்பட வேண்டும்.