கோவை டூ சேலம் வானத்துல 140 கி.மீ.தான்... அப்புறம் ஏன் ஃபிளைட் இல்லை?

பீளமேடு ஏர்போர்ட்டிலிருந்து சேலத்தின் காமலாபுரம் ஏர்போர்ட்டுக்கு மேப்பில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 140 கி.மீ. வரும். ரோட்டில் போனால் 160-ஐத் தாண்டும். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்குதுன்னா பத்தே நிமிஷம்தானே? கணக்கு சரி, ஆனா நடக்காது. அந்த வேகத்துக்கும் உயரத்துக்கும் போய்ச் சேரவே விமானத்துக்கு 15, 20 நிமிஷம் ஆகும். அதற்குள் சேலம் பின்னாடி போயிருக்கும்!

டேக்-ஆஃபுக்குத்தான் எரிபொருள் அதிகம் செலவாகும். தரையிறங்கும் கட்டணம், ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரம் எல்லாம் 140 கி.மீ.க்கும் 1,400 கி.மீ.க்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தூரம் குறையக் குறைய ஒரு கிலோமீட்டருக்கான செலவு எகிறும்.

சின்ன ஊர்களை இணைக்க மத்திய அரசு கொண்டுவந்த 'உடான்' திட்டம் இருக்கே என்று கேட்கலாம். அங்கேயும் இந்த நேர்கோட்டுத் தூரம்தான் அளவுகோல். 2016-ல் அறிவித்தபோது 200 முதல் 800 கி.மீ. வரையிலான வழித்தடங்களுக்குத்தான் சலுகை. பாதி சீட்டுகளுக்கு, ஒரு மணி நேரப் பயணம்னா 2,500 ரூபாய் உச்சவரம்பு. நஷ்டத்தை அரசு மூன்று வருஷம் ஈடுகட்டும். கோவை - சேலம் அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை.

ஆனால் மலைப்பகுதி, தீவு, எட்டாத ஊர்களுக்குக் குறைந்தபட்சத் தூரம் கிடையாது. அதனால்தான் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாச்சலின் பாசிகாட்டுக்கு, நேர்கோட்டில் வெறும் 70 கி.மீ. சொச்சம், 2022 ஏப்ரலில் 17 சீட் டோர்னியர் விமானம் பறக்க ஆரம்பித்தது. நம்ம தூரத்தில் பாதி! அங்கே குறுக்கே கிடப்பது பிரம்மபுத்திரா. இங்கே நமக்குக் குறுக்கே இருப்பது அவிநாசியும் பெருந்துறையும். பஸ் வசதிக்குப் பஞ்சமா என்ன? வந்தே பாரத் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் சேலம். கோவை - சேலம் ஃபிளைட் கேட்பது வீண் ஆசை என்றுதான் தோன்றுகிறது.

சேலம் - சென்னை கதை வேறு. நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ., வரம்புக்குள் வருகிறது. 2018 மார்ச்சில் உடானில் ட்ரூஜெட் பறந்தது, 2021-ல் நின்றது. அப்புறம் 2023 அக்டோபர் வரைக்கும் காமலாபுரத்தில் பயணிகள் விமானமே இல்லை.

இப்போ ஒரு கணக்கு. காமலாபுரம் சேலம் டவுனிலிருந்து சுமார் 20 கி.மீ. அங்கே போய், ஒரு மணி நேரம் முன்னாடியே செக்-இன் செய்து, ஒரு மணி நேரம் பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி சிட்டிக்குள் வர எப்படியும் மூன்றரை மணி நேரம். வந்தே பாரத் சுமார் நான்கு மணி நேரத்தில் நேரா சென்ட்ரலில் இறக்கிவிடும். அரை மணி நேரம் மிச்சம், அதற்கு ரெண்டு மூணு மடங்கு காசு என்றால் நாமக்கல், சங்ககிரிக்காரர் எதில் ஏறுவார்? சென்னையிலிருந்து டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ அடுத்த ஃபிளைட் பிடிக்கிறவருக்குத்தான் இது உண்மையான லாபம்.