குளக்கரையில ஓடச் சொல்றீங்க... மூச்சு விட முடியுதான்னு கேட்டீங்களா?



காலையில 5.30 மணிக்கு உக்கடம் பெரியகுளத்துக் கரைக்கு வந்து பாருங்க. காதுல பாட்டு மாட்டிக்கிட்டு ஓடுற இளைஞர்கள், சேலையோட ஷூ போட்டு வேகநடை போடுற அம்மாக்கள், "சுகர் இருக்கு, நடக்கணும்"னு டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த பெரியவங்க... பார்க்கவே சந்தோஷமா இருக்கும். மாசாமாசம் ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இந்தக் கரைதான் ஜிம்.

அப்படியே சாக்கடை வந்து விழுற பக்கமும் ஒரு ரவுண்டு ஓடிப் பாருங்க. மூக்கைப் பொத்தாம தாண்ட முடியுதா?

சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காத்துதான் இழுப்பான். ஓடும்போது அது 50 லிட்டரைத் தாண்டும். அப்போ குளத்து நாத்தத்தை அதிகமா உள்ள இழுக்கிறது யாரு? உடம்பு நல்லா இருக்கணும்னு விடியக்காலையில எழுந்து வந்தவங்கதான்! ஆக்சிஜன் இல்லாத தண்ணியில சாக்கடை அழுகினா ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அழுகின முட்டை நாத்தம் அதுதான்.

2023 நவம்பர் 4-ஆம் தேதி மாநில அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தை ஆரம்பிச்சது. 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனா நடங்கன்னு சொன்ன அரசு, நடக்கிறவன் சுவாசிக்கிற காத்தைப் பற்றி ஏன் பேச மாட்டேங்குது?

2016 ஜனவரியில ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியல் 20 நகரங்கள்ல கோவையும் ஒண்ணு. ஒவ்வொரு நகரத்துக்கும் மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் போடணும்ங்கிறது திட்டமா இருந்துச்சு. ஒரு ஆட்சியில ஆரம்பிச்சாங்க, அடுத்த ஆட்சியில ரிப்பன் வெட்டினாங்க. கரையில கல் பதிச்சாச்சு, கலர் லைட் போட்டாச்சு, செல்ஃபி எடுக்க இடம் கட்டியாச்சு. தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?

குளம்ங்கிறது கரை மட்டும் இல்லீங்க. வெள்ளியங்கிரி மலையில பிறக்கிற நொய்யல்ல அணைக்கட்டு கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிறைஞ்சா உபரி அடுத்த குளத்துக்குப் போற மாதிரி நம்ம முன்னோர்கள் அமைச்சாங்க. பெரியகுளம் நிறைஞ்சா வாலாங்குளத்துக்குப் போகும். இன்னைக்கு அதே வழியில மேல இருக்கிற சாக்கடை கீழ இருக்கிற குளத்துக்குப் போகுது. வாய்க்காலை விட்டுட்டு கரையை மட்டும் அழகுபடுத்துறது, புண்ணுக்கு மருந்து போடாம மேல பவுடர் பூசுற கதை. ஆகாயத்தாமரையை ஒவ்வொரு தடவையும் மெஷின் வெச்சு அள்ளுறாங்க. சாக்கடை உரம் போட்டு வளர்த்துக்கிட்டே இருந்தா அது திரும்ப வராம என்ன செய்யும்?

இதுல இன்னொரு அநியாயமும் இருக்கு.

முத்தண்ணன் குளத்துக் கரையில தலைமுறையா குடியிருந்த ஏழைங்களை "ஆக்கிரமிப்பு"ன்னு சொல்லி எடுத்தாங்க. கீரணத்தம், மலுமிச்சம்பட்டின்னு ஊருக்கு வெளியே அனுப்பினாங்க. வேலை இங்கே, பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடம் இங்கே, வீடு மட்டும் அங்கே! குளம் காப்பாத்தப்படணும்னு அவங்க விலை கொடுத்தாங்க. குளம் காப்பாத்தப்பட்டதா?

ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. நீர்நிலையில கழிவு விடுறதைத் தடுக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. குடிசைக்குப் புல்டோசர் வந்தது. சாக்கடைக் குழாய்க்கு ஒரு சிமெண்ட் மூட்டை கூட வரலையே, ஏன்? சட்டம் ஏழைக்கு மட்டும்தானா?

"எல்லாத்தையும் எதிர்க்கிறதே உங்க வேலை"ன்னு சிலர் சொல்லலாம். தெளிவா சொல்றோம்: நாங்க நடைபாதைக்கு எதிரி இல்லை. ஓடுறவங்களுக்கு நல்ல பாதை வேணும். ஆனா முதல்ல குளம் குளமா இருக்கணும். தண்ணி சுத்தமா இருந்தா மண்கரையில கூட ஜனங்க சந்தோஷமா ஓடுவாங்க.

எங்கள் கோரிக்கைகள்:

1. குளங்களுக்குள்ள சாக்கடை வந்து விழுற ஒவ்வொரு இடத்தையும் கணக்கெடுத்து, பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும். எந்த இடம் எந்தத் தேதிக்குள்ள அடைபடும்னு எழுதிப் போடணும்.

2. தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாசா மாசம் குளக்கரையிலேயே பலகையில எழுதி வைக்கணும். ஓடுறவங்களுக்குத் தெரியட்டும்.

3. அடுத்து ஒரு ரூபாய் செலவழிச்சாலும் முதல்ல வாய்க்காலுக்கு, அப்புறம் அலங்காரத்துக்கு.

4. மீதி இருக்கிற மண்கரையில கல் பதிக்காதீங்க. நாணலும் சரிவும் இல்லாம நீர்ப்பறவை எங்கே கூடு கட்டும்?

5. விடியக்காலையில ஓட வர்ற பெண்களுக்கு வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, ரோந்து. கரைக்குள்ள வர எந்தக் காலத்திலும் கட்டணம் கூடாது.

6. இடம் மாத்தப்பட்ட குடும்பங்களுக்கு பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி வசதி.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். நாளைக்கு ஓடப் போகும்போது, சாக்கடை விழுற இடத்தைப் பார்த்தா நின்னு ஒரு போட்டோ எடுங்க. அந்தப் போட்டோவோட உங்க வார்டு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்க. கவுன்சிலர் எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, எங்க கட்சியா இருந்தாலும் சரி, பதில் சொல்ற வரைக்கும் விடாதீங்க.

2013-ல பெரியகுளம் காஞ்சு கிடந்தப்போ தூர் வார மண்வெட்டியோட இறங்கினது இந்த ஊர் ஜனங்க. இது உங்க குளம். கேள்வி கேட்கிற உரிமையும் உங்களோடதுதான்.

கரையைக் காட்டி ஏமாத்தாதே! தண்ணீரைச் சுத்தம் செய்!

#குளம்_நம்_உரிமை #முதலில்_வாய்க்கால் #கோவை