இரு அந்துப்பூச்சிகள், ஒரே மருந்தா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வேளாண்மைக்காரர் தலைமுறைகளாக அறிந்தது மஞ்சள் தண்டுத்துளைப்பான். அதன் புழு நெல்லையே நம்பி வாழ்வது. தண்டினுள் புகுந்து குருத்தைக் கருக்கும், கதிரை வெண்பதராக்கும். 2018 இல் இலங்கையிற் காலூன்றிய 'சேனா' படைப்புழுவோ அமெரிக்கக் கண்டத்தது. சோளனை விரும்பினும் முந்நூறுக்கு மேற்பட்ட தாவரங்களைத் தின்னவல்லது. அதன் அந்துப்பூச்சி நெடுந்தூரம் பறப்பது.

நம் பத்திரிகைகள் இரண்டையும் 'புழுத் தாக்கம்' என்றே எழுதிவிடுகின்றன. முன்னதை, அறுவடை முடிந்ததும் தாளடியை உழுது புதைத்து, ஊர்கூடி ஒரே காலத்தில் விதைத்துக் கட்டுப்படுத்தலாம். பின்னதற்கு, முட்டையையும் இளம்புழுவையும் நாள்தோறும் தேடும் கண்கள் வேண்டும்.

தண்டிலோ குருத்திலோ புழு ஒளிந்தபின் தெளிக்கும் நஞ்சு அதனை எளிதில் எட்டாது. வடிநீரோடு வாவியை நாடும். மருந்துக்கு முன் விவசாயிக்கு வேண்டியது, பூச்சியை இனங்காட்டும் ஆலோசனையே.